கம்பிதான் செத்துப்போச்சு

அவரை நான் முதலில் பார்த்தது மயிலாடுதுறையில், எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவில். நான் அங்கே கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். நாலு தடித்த கம்பியும் நீளக் கழுத்துமாக இருக்கும் கிட்டார் அது. பாட்டுக்கு அடியில் கும் கும் என்று போய்க்கொண்டிருக்கும் சத்தம் அதனுடையது. அந்த வருடம் ஆசிரியர்கள் சேர்ந்து பாடிய பாட்டுக்கு என்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது சரணத்தில் எனக்குத் தாளம் தவறிப்போனது. அதற்குப் பிறகு பாட்டு ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் போனேன். எல்லாரும் நிறுத்தியபின் நான் மட்டும் தனியாக இரண்டு அடி அடித்து முடித்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தது மேடைவரை கேட்டது.

எங்களுக்குப் பிறகு ஒரு மெல்லிசைக் குழுவின் கச்சேரி. அவர்களுடைய பேஸ்காரர் மேடைக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். நான் யார் முகத்தையும் பார்க்காமல் கிட்டாரை உறையில் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "ஒரு நிமிஷம் குடுங்க டீச்சர்" என்று வாங்கினார். தடிக் கம்பியைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"கம்பிதான் செத்துப்போச்சு. உங்க கை நல்லாத்தான் இருக்கு."

தன் பையிலிருந்து பிரிக்காத கம்பி செட் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இத மாட்டிப் பாருங்க. வித்தியாசம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றப் போய்விட்டார்.

என் கிட்டாரில் இருந்த கம்பியைத் தஞ்சாவூரில் வாங்கி மாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. பளபளவென்றிருந்தது. அவ்வளவு கிட்டே வைத்துப் பார்த்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குத்தாலம் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர்களில் பேஸ் வாசித்தவர் ஒருவர்தான், தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்கு அவர் ஆளைக் குறை சொல்லாத ஒரு மனிதர் என்று தெரிந்தால் போதும். எது கெட்டாலும் அவர் கணக்கில் கெட்டுப்போனது சாமான்தான். டிரம்ஸ்காரர் தாளத்தை இழுத்தால் பெடல் ஸ்பிரிங் தொய்ந்திருக்கும். கீபோர்டுக்காரர் தப்பான கட்டையை அமுக்கினால் மேடையில் வெளிச்சம் போதாது.

கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. குழுத் தலைவரே பாடகர், எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அன்று அவருக்கு உச்சத்தில் குரல் பிளந்து பிளந்து போனது. மாப்பிள்ளையின் மாமா மேடையேறிச் சண்டைக்கு வந்துவிட்டார். இவர் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் குறுக்கே போனார். "மைக்குங்க ஐயா. பனி இறங்கிருச்சு. இப்பவே மாத்திடுறோம்" என்று சொல்லி, அந்த மைக்கைப் பிடுங்கி அதே மாதிரி இன்னொன்றைச் செருகினார். மாமா இறங்கிப் போனார். இதை மாஸ்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். "பனியும் இல்ல ஒண்ணும் இல்ல சிஸ்டர். நான் தண்ணி போட்டிருந்தேன். அவருக்கும் தெரியும். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றார்.

கடையிலும் அப்படித்தான். கம்பிக்கு நன்றி சொல்லப் போய்ப் பழகியபின், ஒருநாள் நான் போயிருந்தபோது ஒரு சாகுபடிக்காரர் கருகிப்போன நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பூச்சி மருந்தை அளவில்லாமல் ஊற்றி அடித்திருக்கிறார், பார்த்தாலே தெரிந்தது. கடையில் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவர் நாற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்பிரேயர்ல நாசில் தேஞ்சிருக்கும். ஒரே எடத்துல கொட்டியிருக்கும். இந்தாங்க, புதுசு போட்டுக்குங்க."

சாகுபடிக்காரர் போனபிறகு கல்லாவில் இருந்த அண்ணி, அதாவது இவர் மனைவி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா டீச்சர்? இவங்களுக்கு மனுஷன்னா தப்பே பண்ண மாட்டான். எல்லாத் தப்பையும் நட்டும் போல்ட்டும்தான் பண்ணுது. அளந்து ஊத்துங்கன்னு சொன்னாத்தானே அடுத்த போகத்துக்காவது அளப்பாரு?"

"பயிரு போன வயித்தெரிச்சல்ல வந்து நிக்கிறாரு. அவருகிட்ட நீதான் தப்புன்னு சொல்லவா?" என்றார் இவர்.

அண்ணி அடுத்தவருக்குப் பில் போட்டார். அவர் சொன்னது எனக்கும் அப்போது சரியென்றே பட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் என் கணவர் என்னைக் குத்தாலத்தில் இறக்கிவிட்டுப் போவார். நாகூர்ப் பக்கத்திலிருந்து சலீம் பாய் வந்துவிடுவார். பாய் துபாயில் ஒரு ஓட்டலில் பல வருடம் பேஸ் வாசித்தவர், இப்போது ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். உரக்கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் மூன்று பேரும் மூன்று கிட்டாரோடு உட்காருவோம். மூட்டை அடுக்கிய குடோனைவிட நல்ல இடம் பேஸ் வாசிக்கக் கிடையாது என்பது இவர் கண்டுபிடிப்பு. சுற்றிலும் மூட்டை நின்றால் எதிரொலி எழும்பாது. சம்பா நடவுக்கு முன்னால் சரக்கு வந்து இறங்கி, கூரைவரை மூட்டை நிற்கும்போது சத்தம் களிமண் மாதிரி கெட்டியாக இருக்கும். தை பிறந்து குடோன் காலியாகிவிட்டால் சத்தமும் ஓடிப்போகும்.

பேசுவதெல்லாம் கம்பியும் பிக்கப்பும் ஸ்பீக்கரும்தான். கம்பியின் அதிர்வை வாங்கி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்பும் சின்னக் கறுப்புக் கட்டையைத்தான் பிக்கப் என்பது. பாயின் மருமகன்கள் துபாயிலிருந்து வரும்போது பெட்டிக்குள் துணிக்கு நடுவே ஒரு பிக்கப் வரும். இவர் புதியதைப் போட்டுக்கொண்டு பழையதை எனக்குத் தருவார். என் பழையது சர்ச்சில் கற்றுக்கொள்ளும் யாருக்காவது போகும். பழம்பாட்டு ஒன்றின் பல்லவியில் பேஸ் நாலு சுரம் இறங்கி வருகிற அழகைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருக்கிறோம். அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் அந்த நாலு படியே எறங்கி முடியலையா?" என்பார். என்னிடம் யாரும் குழம்பைப் பற்றியோ பிள்ளைகளின் மார்க்கைப் பற்றியோ கேட்காத இடம் என்று என் வாழ்க்கையில் இருந்தது அந்தக் குடோன் ஒன்றுதான்.

ஒரு புரட்டாசியில், குடோன் நிறைந்திருந்த சமயம், வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"பாய், அடிச் சத்தம் மெலிஞ்சு கேக்குதே. தடிக் கம்பி இருக்கா இல்லையான்னே தெரியல."

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எங்கள் மூன்று பேரில் காது அவருடையதுதான். அவர் சொன்னால் இருக்கும்.

"பிக்கப் பழசாயிருச்சுண்ணே. மாத்திருவோம்" என்றார் பாய்.

மாற்றினார்கள். அந்த வாரத்திலேயே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வந்தது: "வந்துருச்சு டீச்சர்! வந்துருச்சு பாய்! என்னா சத்தம்! தரை அதிருது. இத்தன நாளா இது இல்லாம என்னத்த வாசிச்சோம்?" அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுவிட்டு நானும் அதே பிக்கப்பை வாங்கிப் போட்டேன், பாயும் போட்டார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் காது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பாயும் தன் காதைப் பற்றி அப்படியே நினைத்திருக்கிறார். இதை நாங்கள் சொல்லிக்கொண்டது வெகுகாலம் கழித்து.

கார்த்திகையில் சத்தம் மறுபடி போய்விட்டது. ஆம்ப்புக்கு முன்னால் வைக்கும் ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தார். சத்தம் வந்தது. மார்கழிக் கடைசியில் போனது. குடோன் காலி, அதனால்தான் என்று சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டார். வந்தது. ஆம்ப்பை மாற்றினார், வந்தது. ஒவ்வொரு முறையும் எங்களுக்கு அந்தக் குரல்: "வந்துருச்சு!" ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளில் அது போயிற்று. வந்து தங்கும் நாள்கள் குறைந்துகொண்டே போயின.

நடுநடுவே வேறு சிலதும் நடந்தன. ஒரு ஞாயிறு வாசித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குடோன் சுற்றுகிறது என்றார். வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, "யூரியா நெடி. ஜன்னல் வைக்கணும்" என்றார். ஜன்னல் வைத்தார். டிவி சத்தம் கேட்கவில்லை என்று டிவிக்குத் தனி ஸ்பீக்கர் வாங்கினார். ஆடியில் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தபோது குளித்தாராம், அதிலிருந்து வலது காதில் தண்ணீர் நிற்கிற மாதிரியே இருக்கிறது என்றார். அண்ணி ஒருமுறை என்னைத் தனியாக அழைத்து, "கூப்புட்டா திரும்ப மாட்டேங்கிறாங்க டீச்சர். நான் பேசுறது சரியில்லையாம், வாய்க்குள்ளயே பேசுறேனாம். மனுஷங்களையே குறை சொல்லாதவங்க என்னைய மட்டும் சொல்றாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடக் காணும் பொங்கலுக்குக் குடவாசல் பக்கம் என் நாத்தனார் ஊரில் இருந்தோம். விளையாட்டுப் போட்டிகள் முடிந்து, சாயங்காலம் பந்தலில் இவர்களுடைய கச்சேரி. ஐப்பசியில் வாங்கிய புது ஸ்பீக்கரோடு அவர் மேடையில் நின்றார். என்னைப் பார்த்ததும் அதைத் தட்டிக் காட்டினார். மூன்றாவது பாட்டில் கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடியது. எல்லா விளக்கும் எரிந்தன. பாட்டு தொடர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் ஆம்ப்பில் இருக்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

அவர் வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, தலையை ஆட்டி, தடிக் கம்பியில் கட்டைவிரல் இறங்க இறங்க உதட்டைக் கடித்துக்கொண்டு. பந்தலில் பேஸ் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். கீபோர்டுக்காரரின் இடது கையிலிருந்து வந்தது. விளக்கு போனதைப் பார்த்து அப்போதுதான் பதறி வைத்த கையாகத் தெரியவில்லை. முதல் பாட்டிலிருந்தே அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கிறது.

நான் மேடையோரம் போய் மாஸ்டரிடம் ஆம்ப்பைக் காட்டினேன். அடுத்த பாட்டைக் குழுவிலிருந்த ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் என்னை ஒதுக்கி அழைத்துப் போனார்.

"விடுங்க சிஸ்டர். கொஞ்ச நாளாவே இப்படித்தான். சுருதி விலகி விலகிப் போவுது அவருக்கு. நாங்க அவரு கிட்டார் சத்தத்த கொறச்சு வச்சுட்டு கீபோர்டுல ஓட்டிக்கிறோம்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"எப்படிங்க சொல்றது?" மாஸ்டரின் கண் நிறைந்துவிட்டது. "எங்க யாரையாவது அவரு ஒரு வார்த்த சொல்லியிருக்காரா? நான் பண்ணுன கூத்துக்கெல்லாம் மைக்க மாத்துன மனுஷன். அவருகிட்ட போயி உங்களுக்குக் காது போச்சுன்னு நான் சொல்லவா?"

கச்சேரி முடிந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

"எப்புடி டீச்சர்? புது ஸ்பீக்கரு? அடிவயித்துல எறங்குச்சா இல்லையா?"

நான் ஏன் சொன்னேன் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "அண்ணே, உங்க ஆம்ப்புல லைட்டு எரியல" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். திரும்பிப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"கரண்டு போயி வந்துச்சே, அப்பலேருந்து."

மெதுவாக மேடையேறினார். ஆம்ப்புக்குப் பின்னால் குனிந்து பிளக்கைத் தொட்டார். "பிளக்கு லூசு" என்றார். கீபோர்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வயரைச் சுருட்டினார். டிரம்ஸ்காரர் தரையைப் பார்த்தார். அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். "பிளக்கு லூசு" என்று இன்னொருமுறை சொன்னார். இந்தத் தடவை அது கேள்வி மாதிரி இருந்தது.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் அண்ணியும் நானும் அழைத்துப்போனோம். கண்ணாடி அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள். டாக்டர் நல்ல மாதிரி, அவருக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். உள்காதில் நீர் ஏறி இறங்குகிற நோய். தலைச்சுற்றல், வாந்தி எல்லாம் அதனால்தான். முதலில் போவது கீழ்ச் சத்தங்கள். போகும், வரும். போகும், வரும். ஒருநாள் போனால் வராது. "நடுவுல நடுவுல தானா சரியாகி நல்லா கேட்டிருக்குமே?" என்று கேட்டார்.

"கேட்டுச்சு சார். பிக்கப் மாத்துனப்ப" என்றார் இவர். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவருக்கும் அந்த நாற்காலியில் வைத்தே புரிந்துவிட்டது என்பது அவர் கை அண்ணியின் கையைத் தேடியதில் தெரிந்தது.

"முதல்லயே வந்திருந்தா கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். இனி உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும் என்றார். பாட்டு கேட்குமா என்று அண்ணி கேட்டார். டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "கேக்கும், ஆனா ரெண்டு காதும் வேற வேற சுருதியில கேக்கும். சேராது" என்றார்.

காரில் திரும்பும்போது பாபநாசம் தாண்டினோம். இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அவர் சொன்னார்:

"சாமான் எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு. ஆள்தான் கெட்டுப்போயிருக்கேன்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அண்ணி. எத்தனை வருடமாக ஆளைக் குறை சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவரிடம் சண்டை போட்டவர்.

அதற்குப் பிறகு அவர் பாடுபட்டு மனதைத் தேற்றிக்கொண்டார் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். நடந்தது வேறு. வைகாசிக்குள் இடது காதும் போனது. மிஷின் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். குடோனில் மூன்று கிட்டாரும் சேர்வது நின்றுபோனது. பாய் ஒரு ஞாயிறு காதுக்குள் வைக்கிற ஏதோ ஒன்றைத் துபாயிலிருந்து வரவழைத்துக் கொண்டுபோனார். இவர் அதைத் தொடக்கூட இல்லை.

"பாய், ஒண்ணு சொல்லணும். இத்தன வருஷமா சொல்லாம வச்சிருந்தேன். உங்களுக்குத் தாளம் நிக்காது. வேகமான பாட்டுல ஓடிப்போயிடுறீங்க. நான் ஒவ்வொரு தடவையும் கேபிளு சரியில்லன்னு நிறுத்துவேன்ல? கேபிளு நல்லாத்தான் இருந்துச்சு."

பாய் திரும்பி வரும்போது மயிலாடுதுறையில் இறங்கி என் வீட்டுக்கு வந்தார். அழுதார். "அண்ணன் சொன்னது பொய்யில்ல டீச்சர். அதான் தாங்கல" என்றார்.

அது பாயோடு நிற்கவில்லை. மாஸ்டரிடம் போய், அன்றைக்கு மைக் ஒன்றும் ஆகவில்லை, நீ குடித்துவிட்டு வந்து கேவலமாகப் பாடினாய் என்றார். நாற்றைக் கருக்கிய சாகுபடிக்காரரைக் கடைத்தெருவில் நிறுத்தி வைத்து, நாசில் தேயவில்லை, அளக்காமல் ஊற்றியது நீதான் என்றார். அந்த மனிதர் அதன்பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார். தலைச்சுற்றல் இருந்ததால் அவரால் வண்டி ஓட்ட முடியாது. பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் இருக்கும் இடத்துக்கும் போனார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. கொடுத்ததை எண்ணித் திரும்ப வாங்குகிறவர் மாதிரி, பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒருநாள் மத்தியானம் பள்ளியில் இருந்தபோது அண்ணி போன் செய்தார். "டீச்சர், இவங்க உங்களப் பாக்க கெளம்பிட்டாங்க. எவ்வளவு சொல்லியும் கேக்கல. என்ன சொன்னாலும் மனசுல வச்சுக்காதீங்க."

பள்ளி வாசலில் வேப்பமர நிழலில் நின்றார். சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். முகச்சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் மிஷினுக்கான பேட்டரி அட்டை தெரிந்தது.

"டீச்சர், அன்னைக்கு இங்கதான். கம்பி செத்துப்போச்சுன்னு சொன்னேன். கம்பி புதுசு. உங்க கைதான் சரியில்ல."

"தெரியும்ணே" என்றேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே பேசினார்.

"எல்லாரும் எல்லாருக்கும் நல்லவங்களா இருந்துட்டோம் டீச்சர். நான் உங்ககிட்ட சொல்லல. மாஸ்டரு எங்கிட்ட சொல்லல. மேடையில பொம்ம மாதிரி நின்னு ஆட்டியிருக்கேன். யாராவது ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா உனக்குக் காது கேக்கலடான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே டாக்டர்ட்ட போயிருப்பேன். சொல்லாம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் எல்லார்ட்டயும் சொல்லிட்டு வர்றேன். வேற யாருக்கும் ஆகக் கூடாதுல்ல?"

அதில் தப்பு என்று எதைச் சொல்வது? ஆனாலும் எனக்கு ஒன்று சொல்ல இருந்தது. அன்று அவர் அந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் நான் அந்தக் கிட்டாரை அன்றோடு மூடி வைத்திருப்பேன். குடோன் இல்லை, பாய் இல்லை, அந்த ஞாயிறுகள் எதுவும் இல்லை. "நீங்க அப்படிச் சொல்லலேன்னா நான் வாசிக்கிறதையே விட்டிருப்பேன்ணே" என்றேன். "என்ன?" என்று காதைத் திருப்பினார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "என்ன?" பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கத்தினேன்.

அது அவருக்கு எட்டியது.

"விட்டிருக்கலாம்" என்றார்.

மதில் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோனார். அன்று மாலை வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அவர் இல்லாமல் பாயும் நானும் அதில் என்ன பேசுவது? பாய் கடையைக் கவனிக்கிறேன் என்றார். நான் சர்ச்சில் மட்டும் வாசித்தேன். வாசிக்கும்போதெல்லாம் என் விரலைப் பார்த்தேன். பார்த்தால் வாசிப்பு இன்னும் கெட்டது.

அந்த வருடம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. பீடத்தின் முன்னால் சபையார் காணிக்கையாக வைத்த நெற்கதிர்க் கட்டு, பூசணி, வாழைத்தார், காலைக் கட்டிய கோழிகள். ஆராதனையின் கடைசிப் பாட்டு தொடங்கியிருந்தது. அப்போது பக்கவாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதைப் பார்த்தேன். அவர்தான், தனியாக வந்திருந்தார். காதில் மிஷின் இல்லை.

பக்கவாசலை ஒட்டித் தூணருகே பெரிய ஸ்பீக்கர் ஒன்று நிற்கும். அவர் யாரையும் பார்க்காமல் அதனிடம் போய் நின்றார். பிறகு வலது உள்ளங்கையை விரித்து அதன் பக்கப்பலகையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

விரலைப் பார்ப்பதை விட்டேன். அவர் கையை மட்டும் பார்த்தேன். மேலே எங்கேயும் போகாமல் தடிக் கம்பியிலேயே இறங்கி, எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழே போய், ஒவ்வொரு அடியையும் அந்தப் பலகை வழியாக அவர் உள்ளங்கையில் கொண்டுபோய் வைக்கிற மாதிரி வாசித்தேன். நான் அவ்வளவு நன்றாக வாசித்தது அதற்கு முன்னால் கிடையாது, பின்னாலும் கிடையாது. பக்கத்தில் கீபோர்டு வாசித்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவர் கண்ணைத் திறந்தார். பலகையிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். அதில் தூசி ஒட்டியிருக்கிற மாதிரி வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பாமல், வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

பாட்டில் இன்னும் இரண்டு சரணம் இருந்தது.